பூச்சுக்கு முன் ஒரு படம் கீறுவோம்

வீடும் நாமும்



சென்ற மாரிகாலத்தில் துணுக்காய்ப் பிரதேசத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாழ்வாதார உதவிப் படிவம் ஒன்றில் கையொப்பம் வாங்குவதற்காகத்தான் போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மகளும் ஐந்து வயதுப் பேரனும் கூட இருக்கிறார்கள். மகன் 2009 இல் காணாமற் போனவர். விறாந்தையில் கதிரையை இழுத்துப்போட்டு நான் இருந்ததும் அம்மா அவசரமாக வந்து, "பிள்ளை, உந்தச் சுவரோடை சாயாதை. மழை பெய்தால் அது பிடிக்குது" என்றார்.

"என்னம்மா பிடிக்குது?"

"கரண்ட் மாதிரி ஒண்டு. கையை வைச்சால் விறுவிறு எண்டு இருக்கும். முந்தநாள் பேரன் வெறுங்காலோடை போய்க் கையை வைச்சிட்டான். தூக்கி எறிஞ்சு போட்டுது. மல்லாவி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினனாங்கள்."

பேரன் வாசற்படியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வலது கை விரல்களில் கட்டுப் போட்டிருந்தது. பிழைத்துவிட்டான். ஆனால் அந்தச் சுவர் அப்படியேதான் இருந்தது. பிரதான சுவிட்சை நிற்பாட்டச் சொன்னேன். படிவத்தை மறந்துவிட்டு, எனக்குத் தெரிந்த பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் வந்து ஒரு மணித்தியாலம் தேடினார். கடைசியில் காரணம் ஓர் ஆணி என்று தெரிந்தது.

சுவர் சொன்ன கதை

அந்த ஆணியில் மகனுடைய படம் மாட்டியிருந்தது. சில வருடங்களுக்கு முன் அம்மா தானே சுத்தியல் எடுத்து அடித்த ஆணி அது. வீட்டுக்கு வயரிங் செய்தவர், வயர் மிச்சம் பிடிப்பதற்காக, கூரையில் இருந்து சுவிட்சுக்குச் சுவரிலே சரிவாகக் கோடு வெட்டி வயரை இறக்கியிருக்கிறார். பிறகு அதன்மேல் சாந்து பூசியாயிற்று. வயர் அந்த இடத்தால் போகிறது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆணி நேரே வயருக்குள் இறங்கியது.

வெயில் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. காய்ந்த சுவர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. மாரி வந்து, கூரை ஒழுகி, சுவர் ஊறியபோதுதான் ஆணியில் இருந்த மின்சாரம் ஈரச் சுவரில் பரவியது. அப்போது அந்த வீட்டு ட்ரிப் சுவிட்ச் தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. விழுந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் விழுந்தது. "ஒரே இருட்டாக்கிடக்கு" என்று அம்மா ஊர்த் தம்பி ஒருவரைக் கூப்பிட்டார். அவரும் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார். ட்ரிப் பழுது என்று முடிவு செய்து, அதைத் தாண்டி நேரடியாக வயரைக் கொடுத்துவிட்டார். லைற் எரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த மழைக்குப் பேரன் சுவரைத் தொட்டான்.

சகோதரிகளே, இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. வயர் மிச்சம் பிடித்தவர், ட்ரிப்பைத் தாண்டிக் கொடுத்தவர், ஆணி அடித்த தாய் மூவருமே தங்களுக்குத் தெரிந்த அளவில் நல்லதுதான் செய்தார்கள். ஆனால், சுவருக்குள் என்ன போகிறது என்பது வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருந்தது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்வீடு எங்கள் வீடு

வன்னியில் நாங்கள் பல வருடங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை என் வயதுக்காரர் இன்னும் மறக்கவில்லை. 2009 இன் இறுதியில் துணுக்காய்க்கு மீளக்குடியமர வந்தபோது தறப்பாளுக்குக் கீழ்தான் வாழ்க்கை தொடங்கியது. சுவரே இல்லாத இடத்தில் சுவருக்குள் வயர் போவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. அவற்றில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்குக்கு ஒதுக்கப்பட்டவை. அதன் பிரதான கட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியது. ஒரு புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அந்தப் பணம் வேலை முன்னேற முன்னேறத் தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. கல் வாங்கியது, மேசன் பிடித்தது, மணலுக்கு அலைந்தது எல்லாம் நாங்கள்தான். கணவனை இழந்த, கணவன் எங்கே என்று தெரியாத பல பெண்கள் தலையில் சாந்துத் தாச்சி சுமந்து தங்கள் வீட்டைத் தாங்களே கட்டினார்கள்.

ஆனால் தவணைப் பணம் அத்திவாரம், சுவர், கூரை என்றுதான் கணக்குப் பார்க்கப்பட்டது. சீமெந்தும் மணலும் விலை ஏற ஏற, பல குடும்பங்களுக்குக் கூரை போட்டு முடிக்கும்போதே கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. "வயரிங் பிறகு பாப்பம்", "பைப் பிறகு பாப்பம்" என்று விட்டார்கள். மின்கம்பம் ஒழுங்கைக்கு வந்த பிறகு, மாடு விற்றோ, நகை அடகு வைத்தோ, பூசி முடித்த சுவரை உடைத்து வயர் போட்டார்கள். இன்றைக்கு நான் பார்க்கும் பிரச்சினைகளில் அரைவாசி அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2015 இன் பின்னர் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை, நாங்கள் 'பொருத்து வீடு' என்று சொன்ன வீடுகளை, கொண்டுவர அரசாங்கம் முயன்றது. எங்கள் வெக்கைக்கு அது ஒத்துவராது, உடைந்தால் ஊர் மேசனால் திருத்த முடியாது, பிறகு ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது என்று மக்கள் பிரதிநிதிகளும் புத்திஜீவிகளும் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. கல்வீடுதான் வேண்டும், அதை நாங்களே திருத்துவோம், நாங்களே பெருப்பிப்போம் என்பதுதான் அன்றைய வாதம். அது சரியான வாதம். ஆனால் சுவருக்குள் வயர் எங்கே போகிறது, குழாய் எங்கே திரும்புகிறது என்று தெரியாவிட்டால், நாங்களே திருத்துவோம் என்று சொல்ல முடியுமா?

இப்போது அந்த வீடுகளுக்குப் பத்து வயது கடந்துவிட்டது. மகளுக்குக் கலியாணம் என்று ஓர் அறை கூட்டுகிறார்கள். குசினியைப் பெருப்பிக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி, கேத்தல், அரைக்கும் இயந்திரம், கிணற்று மோட்டர் எல்லாம் வந்துவிட்டன. ஆகவே இது பழங்கதை அல்ல. சென்ற மாதம் விட்ட தவறை இந்த மாதம் நாங்களும் விடாமல் இருப்பதற்கான கதை.

சீமெந்துக் கல்லை எவ்வளவு வெட்டலாம்?

எங்கள் வீடுகளில் பெரும்பாலும் 6 அங்குலக் கல் வெளிச்சுவருக்கும் 4 அங்குலக் கல் உட்சுவருக்கும் வைத்திருப்போம். வயருக்கோ பைப்புக்கோ சுவரில் கோடு வெட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது. படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

அதாவது, 6 அங்குலச் சுவரில் நிலைக்குத்தாக 2 அங்குலம், படுக்கையாக 1 அங்குலம். 4 அங்குலச் சுவரில் படுக்கையாக வெட்ட முக்கால் அங்குலம்கூட இல்லை. அதில் குழாய் வைத்தால் பூச்சுக்கு இடமே இராது. படுக்கையாக நீளமாக வெட்டிய சுவர், மேலே கூரைப் பாரத்தைத் தாங்கும்போது அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். ஆகவே படுக்கையாகப் போக வேண்டிய வயரைக் கூரைக்கு உள்ளாலேயே கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நேர்கீழாக இறக்குவதுதான் சரி.

கல் பொள்ளல் கல்லாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் முகப்புத் தோல் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். கொஞ்சம் கூட வெட்டினால் ஓட்டை விழுந்துவிடும். ஆனால் பொள்ளல் கல்லில் ஒரு வசதியும் உண்டு. சுவர் எழும்பும்போதே குழாயைக் கல்லின் பொள்ளலுக்குள்ளால் நிறுத்திக்கொண்டு வரலாம். அப்போது வெட்டவே தேவையில்லை. அதற்கு, மேசன் கல் வைக்கத் தொடங்குமுன், சுவிட்ச் எங்கே, பிளக் எங்கே என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் நேருக்கு நேர் வெட்ட விடாதீர்கள். நடுவில் மிஞ்சுவது அப்பளம்தான். சுவிட்ச் பெட்டிகளையும் அப்படி முதுகுக்கு முதுகாக வைக்கக்கூடாது. வெட்டிய கோட்டைச் சாந்தால் நிரப்பும்போது மேலே ஒரு துண்டுக் கோழிக்கூட்டு வலையைப் பதித்துப் பூசினால் பிறகு வெடிப்பு வராது.

ஏற்கெனவே பூசி முடித்த வீடென்றால் உடைக்கத்தான் வேண்டும் என்றில்லை. சுவருக்கு வெளியே பிளாஸ்ரிக் கேசிங் அடித்து வயர் கொண்டுபோகலாம். அழகு கொஞ்சம் குறையும். ஆனால் செலவு குறைவு, சுவருக்குச் சேதமில்லை, வயர் எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். அதை மதிப்புக் குறைவாக நினைக்காதீர்கள்.

வயர் போகும் வழி

வயர் சுவரில் நேர்மேலாகவோ நேர்கீழாகவோ படுக்கையாகவோதான் போக வேண்டும். சரிவாகப் போகவே கூடாது. நேராகப் போனால், சுவிட்சைப் பார்த்ததும் அதற்கு நேர்மேலே வயர் இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: சுவிட்ச், பிளக் ஆகியவற்றுக்கு நேர்மேலே, நேர்கீழே, நேர்பக்கத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

வயரின் தடிப்பும் முக்கியம். கடையில் 1/1.13 என்றும் 7/0.67 என்றும் சொல்வார்கள். முதல் இலக்கம் உள்ளே எத்தனை கம்பி என்பது. இரண்டாவது, ஒரு கம்பியின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்பது. 1/1.13 லைற்றுக்கு. 7/0.67 பிளக்குக்கு. லைற் வயரில் இருந்து பிளக் எடுத்து அதில் கேத்தல் கொழுவினால் என்ன நடக்கும்? 2,000 வாற் கேத்தல் எங்கள் 230 வோல்ற் மின்சாரத்தில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் சூடாகும். அதன் உறை இளகும். அது சுவருக்குள் இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. பிளக் முகப்பு மஞ்சளாகினாலோ, கருகிய மணம் வந்தாலோ, உடனே பாவிப்பை நிறுத்துங்கள்.

பிளக் வாங்கும்போது 13 அம்பியர் சதுர முள் பிளக்கையே வாங்குங்கள். நாட்டின் நியமம் இப்போது அதுதான். வட்ட முள்ளைச் சதுர ஓட்டைக்குள் குச்சி வைத்துத் திணிக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் நிறைய உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

வெள்ளம் வரும் காணியாக இருந்தால் பிளக்கை உயர்த்தி வையுங்கள். 2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நிலத்தில் இருந்து நாலு அடியில் பிளக் இருந்தால் சின்னப்பிள்ளைகளின் கைக்கும் எட்டாது. குளிக்கும் அறைக்குள் பிளக் வேண்டவே வேண்டாம்.

ட்ரிப் விழுந்தால் கோபிக்காதீர்கள்

மீற்றருக்குப் பக்கத்துப் பெட்டியில் இரண்டு வகைச் சுவிட்ச் இருக்கும். சின்னது எம்.சி.பி. அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அது விழும். அது வயரைக் காப்பாற்றுவது. ஒரு பொத்தானோடு இருக்கும் பெரியதுதான் ட்ரிப் சுவிட்ச். அது மனிசரைக் காப்பாற்றுவது.

வீடுகளுக்கான ட்ரிப்பில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு 60 வாற் குண்டு பல்ப் எரிவதற்கு ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் வேண்டும். அதில் ஒன்பதில் ஒரு பங்கு மின்சாரம் உடம்பாலோ ஈரச் சுவராலோ நிலத்துக்குக் கசிந்தாலே ட்ரிப் கண்டுபிடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். அந்த அளவு மின்சாரம் நெஞ்சால் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே ட்ரிப் அடிக்கடி விழுந்தால், அது எங்கேயோ கசிவதைக் கண்டு சத்தம் போடுகிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். எம்.சி.பி. எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். ட்ரிப்பைத் தூக்குங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது ட்ரிப் விழுகிறதோ, அந்தப் பாதையில்தான் பெரும்பாலும் பழுது. அதை இறக்கிவிட்டு மற்றவற்றைப் பாவியுங்கள். மின்னிணைப்பாளர் வரும்வரை அதைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் இறக்கியும் ட்ரிப் நிற்காவிட்டால், பிரதான சுவிட்சை நிற்பாட்டிவிட்டுக் காத்திருங்கள். ஓர் இரவு இருட்டில் இருக்கலாம். நாங்கள் எத்தனையோ இரவுகள் இருட்டில் இருந்தவர்கள்தானே. ட்ரிப்பைத் தாண்டி நேரடியாகக் கொடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். உங்கள் சொந்தத் தம்பி கேட்டாலும் விடாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பொத்தானை அமத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் ட்ரிப் பழுது, மாற்ற வேண்டும். ஞாபகத்துக்கு, பறுவத்தன்று அமத்துவோம் என்று ஓர் ஊரில் பெண்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த யோசனை பிடித்தது.

நிலத்தில் இறக்கும் எர்த் கம்பியையும் பாருங்கள். எங்கள் மண் கோடையில் பாறைபோலக் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். கடுங்கோடையில் அந்த இடத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர்ப் பைப்பில் எர்த்தைக் கட்டச் சொல்பவர்களும் உண்டு. பழைய இரும்புக் குழாய்க் காலத்துப் பழக்கம் அது. பி.வி.சி. குழாய் மின்சாரம் கடத்தாது. அதில் கட்டினால் கட்டாததற்குச் சமன்.

தண்ணீர்க் குழாய்க்கும் அதே விதி

கிணற்றில் இருந்து தலையில் தண்ணீர் சுமந்த காலம் குறைந்து, மோட்டரும் தாங்கியும் வந்தது பெண்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சுவருக்குள் கசியும் குழாய், சுவரை உள்ளாலே அரித்துக்கொண்டே இருக்கும். பூச்சில் ஈரவட்டம் தெரியும்போது காலம் கடந்துவிடும்.

குழாய் பொருத்தி முடிந்ததும், பூசுவதற்கு முன், முனைகளை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவுங்கள். ஈரம் இருந்தால் அந்த மூட்டை வெட்டி மாற்றவேண்டும். மேலாலே பசை பூசுவது தீர்வல்ல. பசை பூசிய மூட்டு காய ஒரு நாள் கொடுத்த பிறகே தண்ணீர் விட வேண்டும்.

வயரும் தண்ணீர்க் குழாயும் ஒரே கோட்டில் போகக்கூடாது. ஒரு சாணாவது தள்ளியிருக்கட்டும். வெளியே போகும் பி.வி.சி. குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் தாழுங்கள். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் அது நொறுங்கும். மலசலகூடத்தில் இருந்து குழிக்குப் போகும் 4 அங்குலக் குழாய் 10 அடிக்கு 3 அங்குலம் சரிய வேண்டும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீற்றர், அதாவது 50 அடி இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டுவிட்டுக் குழி வெட்டுங்கள்.

தாங்கியை எங்கே வைப்பது? 500 லீற்றர் தண்ணீரின் பாரம் 500 கிலோ. 1,000 லீற்றர் என்றால் ஒரு தொன். அதை 4 அங்குலச் சுவரின் தலையிலோ, கூரை மரத்திலோ ஏற்ற விடாதீர்கள். கொங்கிறீற் தூண் போட்டுத் தனியாக நிறுத்துவது நல்லது. மலசலகூடத் தட்டின் மேல் வைக்க விரும்பினால், தட்டு அதற்குத் தாங்குமா என்று பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ உள்ள தொழினுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கிணற்று மோட்டருக்குப் போகும் வயரை மரத்துக்கு மரம் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். அந்த வயரில் உடுப்புக் காயப்போட்ட வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். தடித்த குழாய்க்குள் விட்டு நிலத்தில் தாழ்க்க வேண்டும். மோட்டரைத் தொடுமுன் காலில் செருப்பு, மேலே சுவிட்ச் நிற்பாட்டல், இரண்டும் வேண்டும்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது

வயரிங் வேலைக்குப் 'பொயின்ற்' கணக்கில் காசு பேசுவார்கள். பொம்பிளை மட்டும் இருக்கும் வீடென்றால் கணக்குச் சொல்லாமல் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை லைற், எத்தனை பிளக், ஒரு பொயின்ற்றுக்கு எவ்வளவு, சாமான் அதற்குள் சேர்த்தியா, சுவர் வெட்டிய இடத்தைத் திரும்பப் பூசுவது யார். இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். காசை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பங்கை, சோதனை அறிக்கை கையில் கிடைத்த பிறகே கொடுங்கள். மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, தகுதி உள்ளவர் ஒப்பமிட்ட அந்த அறிக்கை தேவைப்படும். வெற்று அறிக்கையில் ஒப்பம் வாங்கி வருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். சோதிக்காமல் தந்த ஒப்பம் உங்கள் பேரப்பிள்ளையைக் காப்பாற்றாது.

வேலைசெய்யும் ஆளிடம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வேலை நடக்கும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அருகில் நின்று பாருங்கள். "உங்களுக்கு உது விளங்காது" என்று சொன்னால், "விளங்கப்படுத்துங்கோ தம்பி, நான்தானே இதுக்குள்ளை இருக்கப்போறன்" என்று சொல்லுங்கள்.

எங்கள் பெண்பிள்ளைகளும் இந்தத் தொழிலைப் பழகலாம். போருக்குப் பின் வன்னியில் பெண்கள் கண்ணிவெடி அகற்றினார்கள், மேசன் வேலை பழகினார்கள். வயர் இழுப்பது அதைவிடக் கடினமா? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின் தொழினுட்பம் கற்பிக்கிறார்கள். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண் மின்னிணைப்பாளர் வந்தால் எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

படம் கீறுவது எப்படி?

இது கடைசி, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. பிள்ளையின் கணிதக் கொப்பியில் இருந்து சதுரக்கோட்டுத் தாள் எடுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பக்கம். கதவு, யன்னலைக் கீறுங்கள். வயர் போகும் வழியைச் சிவப்பாலும், தண்ணீர் போகும் வழியை நீலத்தாலும் கீறுங்கள். கதவு நிலையில் இருந்து எத்தனை அடி, நிலத்தில் இருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். கைத்தொலைபேசி இருந்தால், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுங்கள். தொலைபேசி தொலைந்து போகலாம், ஆகவே தாளையும் வைத்திருங்கள். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் அதே பையில் வையுங்கள்.

ஏற்கெனவே பூசிய வீடா? மின்னிணைப்பாளர் வரும் நாளில், தெரிந்த அளவுக்குச் சொல்லச் சொல்லிக் கீறுங்கள். அரைகுறைப் படமும் படம்தான்.

இடம்பெயர்ந்து ஓடியபோது எத்தனையோ வீடுகளை விட்டுவிட்டுப் போனோம். அந்த வீடுகளின் மூலை முடுக்கெல்லாம் எங்கள் தாய்மாருக்குத் தெரிந்திருந்தது. எந்த வளையில் பாம்பு வரும், எந்த ஓட்டால் ஒழுகும் என்று சொல்லுவார்கள். இந்தப் புதிய வீட்டையும் நாங்கள் அப்படி அறிந்திருக்க வேண்டும். கதவுத் திறப்பு எங்கள் கையில் இருந்தால் மட்டும் போதாது.

அந்த அம்மாவின் வீட்டில் சரிவாகப் போன வயரை எடுத்துவிட்டு, கூரைக்கு உள்ளால் புதிதாகப் போட்டோம். ட்ரிப் சுவிட்ச் மாற்றினோம். கூரை ஒழுக்கையும் அடைத்தோம். வேலை முடிந்த பிறகு அம்மாவும் மகளும் நிலத்தில் இருந்து படம் கீறினார்கள். பேரன் கட்டுப்போடாத கையால் சிவப்புப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தான். பிறகு அம்மா அந்தத் தாளைப் பார்த்து, விரலால் அளந்து, "இதிலை ஒண்டும் போகேல்லைத்தானே?" என்று என்னிடம் கேட்டார். நானும் தாளைப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை.

புதிய ஆணி அங்கே அடித்தார். மகனின் படத்தைத் துடைத்து அதில் மாட்டினார்.

இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு சுவரையாவது கீறிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.